மலைப் பிள்ளைகளுக்குக் கடல் பாடம்: சாக்கடையில் தொடங்குங்கள்

நீலகிரியில் பிள்ளைகளுக்குக் கடல் மாசு சொல்லிக்கொடுப்பதென்றால் வழக்கமாக ஒரு சார்ட் பேப்பர், அதில் மூக்கில் ஸ்ட்ரா சிக்கிய ஆமை, அடியில் ‘கடலைக் காப்போம்’. பிள்ளைகளும் ‘பாவம்’ என்பார்கள், அழகாக வர்ணம் தீட்டுவார்கள், அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டிக்கும் அந்த ஆமைக்கும் என்ன சம்பந்தம் என்பது சார்ட்டில் வராது. அது புரியாதவரை மற்றதெல்லாம் மேலோட்டம்தான். ஆகவே முதல் வகுப்பை பள்ளிக்கூடத்துச் சாக்கடைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை ஆறுகள் தெரிகிற மாவட்ட வரைபடம், தமிழ்நாடு வரைபடம், நீல நூல், குண்டூசி. பள்ளி இருக்கும் இடத்தில் முதல் ஊசி. அங்கிருந்து தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பிள்ளைகளே நூலை இழுத்துக்கொண்டு போகட்டும். ஊட்டி நகரம் என்றால் கோடப்பமந்து கால்வாய், ஊட்டி ஏரி, சாண்டிநல்லாவில் காமராஜ் சாகர் அணை, பிறகு மாயாறு, பவானிசாகர். பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து, கல்லணை தாண்டி வங்கக் கடல். குன்னூர்ப் பிள்ளைகளின் நூல் குன்னூர் ஆறு வழியாக மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேரும். கூடலூர்க்காரர்களின் நூல் மட்டும் எதிர்த்திசையில் ஓடும்: பாண்டியாறு வழியாக நிலம்பூர் பக்கம் இறங்கி, சாலியாறாகி, பேப்பூரில் அரபிக்கடல். ஒரே மாவட்டத்துத் தண்ணீர் இரண்டு கடலுக்குப் போகிறது என்பது பல பெரியவர்களுக்கே புதுச் செய்தி.

நூல் பவானிசாகரைத் தொட்டதும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: ‘குப்பை அணையிலேயே நின்னுடாதா?’ கேட்காவிட்டால் நீங்களே கேட்டுவிடுங்கள், மொத்தப் பாடமும் இதில்தான் இருக்கிறது. ஆமாம், பெரும்பாலும் நிற்கும். ஊட்டியில் வீசிய பாட்டில் அப்படியே மிதந்து பூம்புகாருக்குப் போகிறது என்று சொல்லிவைத்தால் எட்டாம் வகுப்புப் பையன் நம்ப மாட்டான், அவன் சந்தேகமும் நியாயமே. காவிரியே பல மாதங்கள் கடலைத் தொடுவதில்லை. வெள்ளக் காலத்தில்தான் உபரி நீர் கொள்ளிடம் வழியாகப் பெருமளவில் கடலில் கலக்கிறது. அணை எதை நிறுத்தும், எதை விடும் என்று இரண்டு பத்தியாகக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். இனி செய்யும் ஒவ்வொரு சோதனைக்கும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் இருக்கும்.

முதல் சோதனை, எது மிதக்கும். இரண்டு கண்ணாடிப் பாத்திரம்; ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் லிட்டருக்கு 35 கிராம் கல் உப்பு கரைத்த ‘கடல் நீர்’. தூள் உப்பில் கட்டி சேராமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் தண்ணீர் கலங்கும், கல் உப்பே நல்லது. குளிர்பான பாட்டிலின் மூடி, அதே பாட்டிலின் உடல், பால் கவர், தெர்மோகோல் எல்லாவற்றையும் நகம் அளவு வெட்டிப் போடுங்கள். மூடியும் பால் கவரும் தெர்மோகோலும் மிதக்கும், பாட்டிலின் உடல் இரண்டு பாத்திரத்திலும் மூழ்கும். மூழ்காமல் மேலேயே நின்றால் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழி காரணம். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கரண்டியால் அழுத்தினால் இறங்கிவிடும். கடற்கரையில் ஏன் மூடிகளாகவே ஒதுங்கிக் கிடக்கின்றன என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக். ஓடையோரத்து மேல் மண்ணை ஸ்டீல் கரண்டியால் எடுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கமென்றால் முதலில் காட்டுமாடு நிற்கிறதா என்று பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு வரட்டும். மண்ணைத் தாளில் பரப்பி நிழலில் காயவைக்க வேண்டும். ஊட்டிக் குளிரில் மூன்று நான்கு நாள்கூட ஆகும். அவசரப்பட்டு தோசைக்கல்லில் போட்டால் பிளாஸ்டிக் உருகி மண்ணோடு ஒட்டிவிடும். காய்ந்த மண் 200 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் கல் உப்பு கரைத்து, வடிகட்டி, மண்ணில் ஊற்றி இரண்டு நிமிடம் கலக்கி, ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே மிதப்பதை மட்டும் காபி பில்டர் தாளில் ஊற்றி லென்ஸில் பாருங்கள். சருகும் வேரும் கூடவே வரும். சந்தேகமான துணுக்கை நெருப்பில் காட்டிய ஊசியால் தொட்டால் பிளாஸ்டிக் சுருளும், சருகு அப்படியே இருக்கும். ஊசி பெரியவர் கையில்தான். மீதி உப்பு நீரைச் செடிக்கோ ஓடைக்கோ ஊற்றாமல், தட்டில் காயவைத்து உப்பை மறுபடி பயன்படுத்துங்கள்.

இந்தச் சோதனை மலையில் கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் ஸ்வெட்டர். பள்ளி ஸ்வெட்டர் பெரும்பாலும் அக்ரிலிக், பேருக்குத்தான் கம்பளி. குனிந்து பார்க்கிற ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் நூலிழை உதிர்ந்து தாளில் விழும். பள்ளி நிறத்திலேயே இழைகள் கிடைத்தால் அவை ஓடையிலிருந்து வந்தவை அல்ல. அதனால் பக்கத்திலேயே வெறும் தண்ணீர் ஊற்றிய தட்டு ஒன்றைத் திறந்து வையுங்கள். கடைசியில் அதையும் வடிகட்டி, அதில் கிடைத்த இழை எண்ணிக்கையைக் கழித்துக்கொள்ளுங்கள். சோதனையைக் கெடுக்கும் இதே ஸ்வெட்டர்தான் துவைக்கும்போது ஓடைக்கு இழையை அனுப்புகிறது. அணையில் கொஞ்சம் வண்டலோடு படியும், மீதி தண்ணீரோடு போய்விடும். புதுத் துணி முதல் சில சலவைகளில்தான் அதிகம் உதிர்க்கும். பச்சைத் தண்ணீரில் துவைப்பது, மெஷினை நிறைத்துப் போடுவது, அழுக்கானால் மட்டும் துவைப்பது மூன்றும் உதிர்வைக் குறைக்கும். மூன்றாவது யோசனைக்குப் பிள்ளைகளிடம் நல்ல ஆதரவு இருக்கும்!

உரத்தையும் விட்டுவிடாதீர்கள். கேத்தி, முத்தோரை பாலாடா பக்கத்துக் காய்கறித் தோட்டத்திலிருந்து வரும் மண் அணையில் படியும். கரைந்த உரத்தை அணை நிறுத்தாது. குளத்து நீர் இரண்டு ஜாடியில், ஒன்றில் மட்டும் லிட்டருக்கு இரண்டு மூன்று மணி காம்ப்ளக்ஸ் உரம் போட்டு ஜன்னலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பச்சை வித்தியாசம் தெரியும். அள்ளிப் போட்டால் பாசியே செத்துவிடும்.

ஆற்றையே நம்பாமல் கடலுக்குப் போவது புகை: அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கடல் நீரில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. பெரிய தொழில்கள் வருவதற்கு முன் கடல் மேற்பரப்பின் பிஎச் (அமிலமா காரமா என்று சொல்லும் அளவு, குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. கேட்பதற்குச் சின்ன எண், ஆனால் அமிலத்தன்மையில் அது கிட்டத்தட்ட 30 சதவீத உயர்வு. இதைக் காட்ட உழவர் சந்தையில் கிடைக்கும் சிவப்பு முட்டைக்கோஸ் போதும், அதன் சாறு பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும். சின்னக் கோஸில் கால் பங்கைப் பொடியாக நறுக்கி, அரை லிட்டர் கொதிநீரில் 20 நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்போடு ஒரே ஒரு சிட்டிகை ஆப்ப சோடா சேர்த்த தண்ணீரை இரண்டு தம்ளரில் ஊற்றி, தம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி கோஸ் சாறு விட்டால் நீலமாகும். ஒன்றை அப்படியே வைத்து, மற்றொன்றில் ஸ்டீல் ஸ்ட்ராவால் ஊதச் சொல்லுங்கள், நாம் விடும் மூச்சிலும் அதே கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் நீலம் ஊதாவை நோக்கி நகரும். ஒரே பிள்ளை ஊதினால் தலை சுற்றும், ஆளுக்கு 20 விநாடி போதும். உறிஞ்சிவிடுகிற வயதுக் குழந்தைக்கு ஸ்ட்ராவே வேண்டாம்.

நிறம் மாறவில்லை என்றால் சோடா அதிகமாகியிருக்கும். ஒரு கரண்டி சோடா போட்ட தண்ணீரை எவ்வளவு ஊதினாலும் அசையாது. பேக்கிங் பவுடர் உதவாது, அதிலேயே அமிலம் இருக்கிறது. மாற்றம் நுணுக்கமானது, வெள்ளைத் தாள் மேல் இரண்டு தம்ளரையும் ஒட்டி வைத்தால்தான் தெரியும். பளிச்சென்று தெரியட்டும் என்று வினிகர் ஊற்றி இளஞ்சிவப்பாக்கிக் காட்டுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கடல் வினிகர் ஆகிவிடும் என்றே பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். கடல் இன்னும் காரத்தன்மை கொண்டதுதான். அது குறையக் குறைய, பவளமும் சிப்பியும் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை இங்கே வரைபடத்தில் காட்டலாம். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986, மன்னார் வளைகுடா 1989 என்று பக்கத்தில் எழுதினால் நம்ம ஊர் பெயர் பார்த்ததும் காது கொடுப்பார்கள்.

பிளாஸ்டிக்கோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது இழுவலை, அதாவது விசைப்படகு கடலுக்குள் இழுத்துக்கொண்டே போகும் பை போன்ற வலை. வலையில் மாட்டிய ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. பத்து வயதுக்கு மேல் என்றால் படம் இல்லாமல் இதைச் சொல்லலாம், சின்னவர்களுக்கு ஒரு விளையாட்டு போதும். வாளித் தண்ணீரில் பச்சைப் பயறு, பட்டர் பீன்ஸ், ஓர் எலுமிச்சம்பழம். பயறு குட்டி மீன், பீன்ஸ் வளர்ந்த மீன், எலுமிச்சை ஆமை. டீ வடிகட்டியால் அள்ளினால் எல்லாம் மாட்டும். வெங்காய மூட்டை வலையால் அள்ளினால் பயறு தப்பும், ஆமை தப்பாது. ஆமையை எப்படி வெளியேற்றுவது என்று கம்பி, கத்தரிக்கோல் கொடுத்து அவர்களையே யோசிக்க விடுங்கள். வலைக்குள் சாய்வாகக் கம்பி வைத்து மேலே ஒரு வாசல் விடுவதுதான் இழுவலையில் பொருத்தும் ஆமை விலக்குச் சாதனம். பாதிப் பிள்ளைகள் தாங்களே அங்கே வந்துவிடுவார்கள்.

அதன்பிறகு மீன் கடை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள். மே மாதம் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், இந்த மத்தி எந்தக் கரையிலிருந்து வருகிறது, என்ன விலை, போன மாதம் என்ன விலை என்று கடைக்கார அண்ணனிடம் பிள்ளைகளே கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். காலை வியாபார நேரத்தில் போகாதீர்கள், பதினொரு மணிக்கு மேல்தான் அவர் நின்று பேசுவார்.