ஆல்ஃபாவுக்கும் ஓட்டு போடணுமா?

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் பக்கம் புதுசா வர்றவங்க சீக்கிரமே கேக்குற கேள்வி இது. ஆல்ஃபான்னா ஃபைனலுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்க வெளியிடுற ஆரம்பகட்ட வெர்ஷன். "ஆல்ஃபாதானே, உடைஞ்சிருக்கும்னு தெரிஞ்சேதானே விடுறோம், அதுக்கு எதுக்கு மூணு நாள் காத்திருந்து ஓட்டெடுப்பு எல்லாம்?" நியாயமான கேள்விதான். ஆனா இதுக்குள்ள ஒரு தப்பான எண்ணம் ஒளிஞ்சிருக்கு, அதாவது ரிலீஸுக்கு ஒப்புதல் குடுக்குறதுன்னா "இந்த சாஃப்ட்வேர் நல்லா இருக்கு"ன்னு சர்ட்டிஃபிகேட் குடுக்குறதுன்னு நெனைக்கிறாங்க. பல எடங்கள்ல அது அப்படி இல்லவே இல்ல.

நெறைய ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுகளுக்கு வீடா இருக்குற அப்பாச்சி ஃபவுண்டேஷனையே எடுத்துக்கலாம், ஏன்னா அங்கதான் விதி ரொம்பத் தெளிவா எழுதி வெச்சிருக்காங்க. ஒரு ரிலீஸ் வெளிய போகணும்னா அந்த ப்ராஜெக்டை நடத்துற கமிட்டி, அதான் பிஎம்சி, அதுல இருந்து கொறஞ்சது மூணு பேர் +1 (ஆதரவு ஓட்டு) போடணும், +1 எண்ணிக்கை -1ஐ (எதிர்ப்பு ஓட்டு) விட அதிகமா இருக்கணும், ஓட்டெடுப்பு பொதுவா 72 மணி நேரமாவது திறந்திருக்கணும். இதுல ஆல்ஃபா, பீட்டா, ஃபைனல்னு எந்த வித்தியாசமும் கெடையாது. பொதுமக்கள் எடுத்து யூஸ் பண்ணிக்கோங்கன்னு வெளிய வெச்சாலே அது ரிலீஸ்தான். தினமும் தானா உருவாகுற நைட்லி பில்ட் மாதிரி ஐட்டம் எல்லாம் டெவலப்பர்கள் தங்களுக்குள்ள சுத்தவிட்டுக்கலாம், ஆனா அதை டவுன்லோட் பேஜ்ல போட்டு ஊருக்கே காட்டக்கூடாது. 72 மணி நேரம் ஏன்னா எல்லாரும் சம்பளத்துக்கு உக்காந்திருக்குறவங்க இல்ல, ஒருத்தருக்கு ராத்திரின்னா இன்னொருத்தருக்குப் பகல், வேலை முடிச்சுட்டு வந்து பாக்கணும்.

இன்னொரு காரணம் சட்டம். ரிலீஸைத் தயார் பண்றவர், அதான் ரிலீஸ் மேனேஜர், தனியா ஒரு ஃபைலை உருட்டி இன்டர்நெட்ல போட்டா அது அவரோட சொந்தச் செயல். கமிட்டி முறைப்படி ஓட்டு போட்டு வெளியிட்டா அது ஃபவுண்டேஷனோட செயல். நாளைக்கு யாராவது லைசன்ஸ் மீறல்னு கெளம்பி வந்தா அந்த வாலன்டியர் தனியா நிக்க வேண்டியதில்ல. லைசன்ஸ் பிரச்சினைக்கு ஆல்ஃபா ஃபைனல்னு பாரபட்சம் எதுவும் தெரியாதே.

அப்ப அந்த மூணு பேரும் என்னதான் பாக்குறாங்க? சோர்ஸ் டார்பாலை, அதாவது மொத்த சோர்ஸ் கோடையும் கட்டி வெச்ச ஒரே ஃபைலை, டவுன்லோட் பண்ணணும், ரிலீஸ் மேனேஜரோட டிஜிட்டல் கையெழுத்து, அதான் ஜிபிஜி சிக்னேச்சர், சரியான்னு பாக்கணும், ஃபைல் மாறலன்னு காட்டுற ஷா-512 செக்சம் ஒத்துப்போகுதான்னு பாக்கணும், லைசன்ஸ் ஃபைலும் நோட்டீஸ் ஃபைலும் உள்ள இருக்கா, சோர்ஸ் ஃபைல்கள்ல லைசன்ஸ் தலைப்பு இருக்கா, கம்பைல் பண்ணின பைனரி ஏதாவது சோர்ஸுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கா, அப்புறம் தன்னோட சொந்த மெஷின்ல கம்பைல் பண்ணி டெஸ்ட் ஓட்டிப் பாக்கணும். லைசன்ஸ் தலைப்பைத் தேடுறதுக்குன்னே அப்பாச்சி ராட்னு ஒரு டூல் இருக்கு. இதுல ஃபீச்சர் அழகா வேலை செய்யுதாங்கறது ஒரு ஓரத்துலதான் வருது. இந்த டார்பால், இதே பைட்டுகள், நம்ம ப்ராஜெக்ட் வெளியிட்டதுன்னு மூணு பேர் பொறுப்பேத்துக்குறாங்க, அவ்ளோதான் விஷயம்.

இதே பைட்டுகள்ங்கறதுதான் முக்கியம். அதனாலதான் பல அப்பாச்சி ப்ராஜெக்ட்ல ஆர்சி2ன்னு (ஆர்சின்னா ரிலீஸ் கேண்டிடேட், இது ரெண்டாவது முயற்சி) பேரு ஃபோல்டர்லயும், கோட்ல அந்த வெர்ஷனைக் குறிச்சு வெக்கிற கிட் டேக்லயும் மட்டும் இருக்கும், உள்ள இருக்குற ஃபைல் பேர்ல ஃபைனல் வெர்ஷன் நம்பர்தான் இருக்கும். புதுசா பாக்குறவங்களுக்கு இது கொழப்பமா இருக்கும், எனக்கும் ஆரம்பத்துல இது ஏதோ சோம்பேறித்தனம் மாதிரிதான் பட்டுது. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஓட்டு முடிஞ்சப்புறம் வெர்ஷன் நம்பரை மாத்தி மறுபடி பில்ட் பண்ணினா அது யாருமே ஓட்டு போடாத வேற ஒரு ஃபைல். அப்பாச்சியோட ஹெச்டிடிபிடி வெப் சர்வர்ல ரொம்ப காலம் இன்னும் கறாரா இருந்தாங்க, கேண்டிடேட் தேறலன்னா அந்த நம்பரையே தூக்கிப் போட்டுடுவாங்க. 2.4.4க்கு அப்புறம் நேரா 2.4.6, 2.4.7க்கு அப்புறம் 2.4.9, 2.4.12க்கு அப்புறம் எகிறி 2.4.16. நடுவுல இருந்தது எல்லாம் வெளிய வராமலே போன நம்பர்கள். நம்பர் என்ன காசா பணமா.

அப்பாச்சியோட ஜாவா வெப் சர்வரான டாம்கேட்ல ஓட்டு கேக்குற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "ரிலீஸ் பண்ணலாமா வேணாமா"ன்னு மட்டும் கேக்க மாட்டாங்க, ஒரு புது வரிசை ஆரம்பிக்குறப்ப ப்ரோக்கன், ஆல்ஃபா, பீட்டா, ஸ்டேபிள்னு எந்தத் தரம்னு சேர்த்தே கேப்பாங்க. வெளிய விடலாமாங்கறது ஒரு கேள்வி, எவ்ளோ நம்பலாம்ங்கறது வேற கேள்வி. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிறதுனாலதான் பல ப்ராஜெக்ட்ல ஆல்ஃபாவே வெளிய வராம மாசக்கணக்குல இழுத்துட்டு இருக்கு, "இன்னும் அந்த பக் இருக்கே"ன்னு. அட, பக் இருக்குறதுனாலதானே அதுக்குப் பேரு ஆல்ஃபா.

லினக்ஸ் கெர்னல் பக்கம் போனா ஓட்டே கெடையாது. புது கோடை உள்ள சேக்குறதுக்கு ரெண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அது முடிஞ்சதும் லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் ஆர்சி1 டேக் பண்ணுவார், அப்புறம் பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு ஆர்சி, ஆர்சி7 இல்லன்னா ஆர்சி8 வரைக்கும் போகும், அவருக்குத் திருப்தின்னா ஃபைனல். ஒரே ஆளோட முடிவு. வேகமா நடக்கும், ஆனா ஆர்சி1ங்கறது யாரும் ஒப்புதல் குடுத்த பொருள் இல்ல, ஜன்னலை மூடியாச்சுங்கற அறிவிப்பு மட்டும்தான். 2021 மார்ச்ல இது நல்லாத் தெரிஞ்சுது. 5.12 ஆர்சி1ல ஸ்வாப் ஃபைல் (மெமரி பத்தாதப்ப டிஸ்க்ல எடம் குடுக்குற ஃபைல்) வெச்சிருந்தவங்களுக்கு, ஸ்வாப்ல எழுத வேண்டியதை டிஸ்க்ல வேற எடத்துல எழுதி ஃபைல் சிஸ்டத்தையே நாசம் பண்ற பக் இருந்துது. ஸ்வாப் பார்ட்டிஷன் வெச்சிருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல, அதனாலதான் அது சோதனையில மாட்டாம நழுவிடுச்சு. லினஸ் என்ன பண்ணினார்னா டேக் பேரையே 5.12-ஆர்சி1-டோன்ட்யூஸ்னு மாத்திட்டு ஆர்சி2வை ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காம முன்னாடியே விட்டுட்டார். இதை அடிப்படையா வெச்சு யாரும் ப்ராஞ்ச் ஆரம்பிக்காதீங்கன்னும் சொன்னார், ஏன்னா பின்னாடி யாராவது ஒரு பக் எங்க நுழைஞ்சுதுன்னு தேட கிட் பைசெக்ட் ஓட்டுறப்ப நேரா அந்தக் குழிக்குள்ள போய் விழுவாங்க. டெஸ்ட் ரிலீஸ்தானேன்னு அலட்சியமா சொல்றவங்களுக்கு நான் எப்பவும் காட்டுறது இந்தச் சம்பவத்தைத்தான். டெஸ்ட் பண்றவரோட டிஸ்க் நிஜமான டிஸ்க்தான்.

டெபியன் லினக்ஸ்ல இன்னொரு வழி. புதுசு எல்லாம் முதல்ல வர்ற அன்ஸ்டேபிள்ல ஏத்தின பேக்கேஜ் அடுத்த கட்டமான டெஸ்டிங்குக்கு நகரணும்னா யாரும் கை தூக்க வேண்டியதில்ல, அவசரத்தைப் பொறுத்து 2, 5 இல்லன்னா 10 நாள் உக்காந்திருக்கணும், அதுக்குள்ள ரிலீஸைத் தடுக்குற அளவுக்குப் புது பக் எதுவும் வரக்கூடாது, தானியங்கி டெஸ்ட்டும் மத்த நிபந்தனைகளும் தேறணும், அவ்ளோதான், ஸ்க்ரிப்ட் நகர்த்திடும். அப்பாச்சியோட ரிலீஸ் ஓட்டுல மௌனத்துக்கு மதிப்பே கெடையாது, இங்க மௌனம்தான் சம்மதம். ஆயிரக்கணக்குல பேக்கேஜ் வெச்சிருக்குற எடத்துல ஒவ்வொண்ணுக்கும் மூணு பேரைத் தேடுறது நடக்குற காரியம் இல்ல, அது புரியுது. ஆனா ஒரு பேக்கேஜ் அமைதியா இருந்துச்சுன்னா அது நல்லா இருக்குன்னு அர்த்தமா, இல்ல யாருமே இன்ஸ்டால் பண்ணலன்னு அர்த்தமான்னு ஸ்க்ரிப்ட்டுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு லினக்ஸான ஃபெடோராவுல பீட்டாவுக்கே எழுதி வெச்ச நிபந்தனைகள் இருக்கு, ரிலீஸைத் தடுக்குற ப்ளாக்கர் பக் பட்டியல் இருக்கு, அதை வெச்சு கோ, நோ-கோன்னு மீட்டிங் போட்டு முடிவெடுப்பாங்க. அவங்க ஃபெடோரா 27ல இருந்து ஆல்ஃபாவையே நிறுத்திட்டாங்க, தினமும் மாறிட்டே இருக்குற அவங்களோட ராஹைட் பதிப்பே எப்பவும் அந்தத் தரத்துல இருக்கணும்னு முடிவு பண்ணி. ஆல்ஃபாவுக்கு ஒப்புதல் வாங்குற தலைவலிக்கு இதுவும் ஒரு வைத்தியம்.

சரி, சிக்னேச்சர் செக்சம்னு மூணு பேர் தலையைப் பிச்சுக்குறது நிஜமாவே உதவுமான்னா, 2024 மார்ச் கடைசியில எக்ஸ்இஸட்ங்கற ஃபைல் சுருக்குற டூல்ல வெடிச்ச விவகாரத்தைப் பாருங்க. 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்லயும் பின்கதவு, அதாவது ரகசியமா உள்ள நுழைய ஒரு வழி. டெஸ்ட் ஃபைல்னு பேர் போட்டு வெச்சிருந்த பைனரி குப்பை எல்லாம் கிட்ல கண்ணு முன்னாடியே கெடந்துது, ஆனா அதைத் தட்டி எழுப்புற பில்ட் ஸ்க்ரிப்ட் துண்டு ரிலீஸ் டார்பால்ல மட்டும்தான் இருந்துது. சிக்னேச்சர் பாத்திருந்தா மட்டும் ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா கையெழுத்து போட்டவரே திருடன். டார்பாலை கிட் டேகோட வரி வரியா ஒப்பிட்டுப் பாத்திருந்தா ஒருவேளை கண்ணுல பட்டிருக்கலாம். கடைசியில எஸ்எஸ்ஹெச் லாகின் (தூரத்து மெஷினுக்குள்ள நுழையுறது) அரை செகண்ட் லேட்டா ஆகுதேன்னு சந்தேகப்பட்டு நோண்டின ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்ங்கற டெவலப்பர் கண்டுபிடிச்சார், அதுவும் டெபியன் அன்ஸ்டேபிள்ல ஓடிட்டு இருந்த மெஷின்ல. டெபியன் ஸ்டேபிளுக்கு அது போய்ச் சேரவே இல்ல, அடி வாங்கினது எல்லாம் டெஸ்டிங், ராஹைட் மாதிரி முன்வரிசை ஆளுங்கதான். அதனால இப்ப யாராவது ஓட்டுல "டேகோட டிஃப் எடுத்துப் பாத்தேன்"னு எழுதினா எனக்கு அந்த ஒரு வரி பத்து வெறும் +1க்குச் சமம்.

வெறும் +1ன்னு சொன்னேன்ல, அதுதான் இந்த முறையோட பெரிய ஓட்டை. விதி "சொந்த மெஷின்ல பில்ட் பண்ணிப் பாரு"ன்னு சொல்லுது, ஆனா ஒரு ஆள் பண்ணினாரா இல்ல டீ குடிச்சுட்டே +1 தட்டிட்டுப் போயிட்டாரான்னு மத்தவங்களுக்குத் தெரிய வழியில்ல. எந்த ஜாவாவுல பில்ட் பண்ணினேன், எந்த ஓஎஸ், எந்த டெஸ்ட் ஓட்டினேன், எதைத் தொடவே இல்லன்னு நாலு வரி எழுதுறவங்களைப் பாத்தாலே நிம்மதியா இருக்கும். குறிப்பா அந்தக் கடைசி வரி. "விண்டோஸ்ல பாக்கல"ன்னு ஒருத்தர் எழுதினாதான் விண்டோஸ் வெச்சிருக்குற இன்னொருத்தர் அதை எடுத்துப் பாப்பார்.

கமிட்டில இல்லாதவங்க ஓட்டு கணக்குல வராதுன்னு நெனச்சு ஒதுங்குறவங்க நெறைய பேர். கணக்குல வராதுதான், அந்த மூணுக்குள்ள சேராது. அதே நேரம் அப்பாச்சில ரிலீஸ் ஓட்டுல -1க்கு வீட்டோ அதிகாரமும் கெடையாது, கமிட்டி ஆளே போட்டாலும் சரி, பெரும்பான்மை இருந்தா ரிலீஸ் மேனேஜர் தாண்டிப் போகலாம். ஆனா நடைமுறையில, யாரோ ஒரு பேர் தெரியாத ஆள் வந்து "இந்த கமாண்ட் அடிச்சா டேட்டா போகுது, இதோ லாக்"னு போட்டுட்டா, பொறுப்பான ரிலீஸ் மேனேஜர் அதைத் தாண்டிப் போக மாட்டார். ஓட்டெடுப்பை கேன்சல் பண்ணிட்டு ஆர்சி3 உருட்டுவார், 72 மணி நேரம் மறுபடி முதல்ல இருந்து ஓட ஆரம்பிக்கும்.