கரூசோவை நடுவிலேயே நிற்க விடுங்கள்

"நன்றாக விரிந்து கேட்க வேண்டும்." இத்தாலிய ஓபரா பாடகர் என்ரிகோ கரூசோவின் பழைய இசைத்தட்டுகளை ஸ்டீரியோவில் மறுபதிப்பு செய்யச் சொன்ன நிறுவனம் முதலில் கேட்டது இதைத்தான். ஒலிப்பொறியாளர்களாகிய எங்களுக்கு இது பழகிய கோரிக்கை. ஆனால் இந்த டெனரின் (மேல்ஸ்தாயியில் பாடும் ஆண் பாடகரின்) விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

1902 ஏப்ரலில் மிலான் கிராண்ட் ஓட்டலின் அறை ஒன்றில் கரூசோ பத்துப் பாடல்களைப் பாடிக் கொடுத்தார். பதிவு செய்தது பிரெட் கைஸ்பெர்க். அதே ஆண்டு இறுதியில் கல்கத்தாவில் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தவரும் அவரே. மைக் கிடையாது. கூம்புக்குள் பாடிய குரலின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கீறியது. மின்சார ஒலிப்பதிவு வந்தது 1925இல், கரூசோ இறந்ததோ 1921இல். அவர் குரல் நமக்குக் கிடைத்திருப்பதெல்லாம் கூம்பு வழியாகத்தான். அதில் இடது ஏது, வலது ஏது?

ஆனாலும் ஸ்டீரியோ இல்லாமல் இந்த வேலை நடக்காது. தட்டிலிருந்து ஒலியை எடுக்கும் இடத்தில்தான் அதன் உண்மையான பயன். இடது வலது பிரிவில்லாத மோனோ தட்டில், ஊசி ஓடும் வரிப்பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் இருப்பது ஒரே பாட்டு. ஊசியைத் தாங்கும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டையும் தனித்தனியாகப் படிக்கும். குரல் இரண்டிலும் ஒன்று, கீறலும் தேய்மானமும் வேறு வேறு. 1907இல் பதிவான 'வெஸ்தி லா ஜூப்பா' என்ற ஓபரா பாடலின் தட்டில் உச்ச ஸ்வரம் வரும் இடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கரகரத்தது. யாரோ கனமான எஃகு ஊசியால் அந்த இடத்தை ரசித்து ரசித்துக் கேட்டிருக்க வேண்டும். மற்றச் சுவரை மட்டும் கேட்டேன். குரல் முழுசாக இருந்தது. அந்தச் சில விநாடிகளை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, மற்ற இடங்களில் இரண்டையும் கூட்டினேன். கூட்டும்போது, ஊசி மேலும் கீழும் துள்ளுவதால் வரும் இரைச்சல் தானாகவே கழிந்துவிடும்.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பேச்சுக்குத்தான். அந்தக் காலத்தில் வேகம் தட்டுக்குத் தட்டு மாறும். ஆறு சதவீதம் கூடினாலே சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். பாடலின் இசைக்குறிப்பைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது, பாடகர்கள் சுருதியை இறக்கிப் பாடுவதும் உண்டு. நான் உயிரெழுத்துகளைக் கேட்பேன். வேகம் கூடினால் 'ஆ' மெலிந்து, குரலின் அதிர்வு படபடக்கும். சரியான இடத்துக்கு வந்ததும் நெஞ்சின் கனம் தெரியும்.

இரைச்சலை முழுவதும் துடைக்க நான் சம்மதிப்பதில்லை. இரண்டு வரிகளுக்கு நடுவே கரூசோ மூச்சிழுக்கும் ஒலி அந்த இரைச்சலோடு பின்னிக் கிடக்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றதும் போகும்.

விரிவாக்கும் முயற்சிகள் புதிதல்ல. 1932இலேயே ஆர்சிஏ விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவர் குரலுக்கு அடியில் புதிய ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்தது. 2000 வாக்கில் வியன்னா வானொலி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும் அப்படி வாசித்தது. உழைப்பை மதிக்கிறேன், முறையை ஏற்கவில்லை. கச்சேரியில் பாடகரின் முகம் பார்த்து வாசிக்கும் பக்கவாத்தியம்போல, அன்றைய கலைஞர்கள் அவர் ஒரு ஸ்வரத்தில் நின்றால் கூடவே நின்றார்கள். அந்தக் காத்திருப்பை பல ஆண்டுகள் கழித்து எப்படி வாசிப்பது? 1960களின் போலி ஸ்டீரியோ இன்னும் மோசம். கீழ் ஒலிகளை ஒரு பக்கமும் மேல் ஒலிகளை மறுபக்கமும் தள்ளியதால், குரல் ஏறும்போது ஆளே நகர்வதுபோல் இருக்கும்.

குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கும் இன்றைய மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். வயலின் போன இடமெல்லாம் குரலின் மெருகும் கூடவே போனது.

கடைசியில் குரலும் வாத்தியங்களும் நடுவிலேயே இருக்க, இருபுறமும் சின்ன மர அறையின் எதிரொலியை மட்டும் மிக லேசாகச் சேர்த்து அனுப்பினேன். ஹெட்போனில் கேட்டால் தலைக்குள் அடைந்து கிடந்த குரல் சற்று முன்னே வந்து நிற்கும், அவ்வளவுதான். எதுவும் சேர்க்காத மோனோ வடிவமும் அதே தொகுப்பில் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எதிரொலியை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது. பேசிக்கொண்டிருக்கிறோம்.