செகந்தினியின் புல்வெளி: ஒரு மில்லிமீட்டர் இடைவெளியோடு மல்லுக்கட்டு

புல்வெளி முடிந்தது, வானம் பாக்கி. இத்தாலிய ஓவியர் ஜொவான்னி செகந்தினி 1891-ல் வரைந்த ‘ஆல்ப்ஸில் நண்பகல்’ படத்திலிருந்து ஒரு பகுதியை நகலெடுக்கிறேன். 30 × 40 செ.மீ. கேன்வாஸ், ஆயில். ஒரு வழியாகப் புல் மேல் வெயில் விழுகிறது. இதற்கு முந்தைய சோதனைப் பட்டைகள் எல்லாம் பாசி பிடித்த மதில் மாதிரி இருந்தன.

செகந்தினியின் பாணி டிவிஷனிசம்: வண்ணங்களைக் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்ப்பவர் கண்ணில் கலக்கவிடும் முறை. அந்தப் பெயரைக் கேட்டதும் பலர் புள்ளி வைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ஸெராவின் புள்ளி வேறு. செகந்தினி போட்டது நூல் நூலாக நீளக் கோடு. செய்முறையை அவரே எழுதி வைத்திருக்கிறார்: முதலில் கேன்வாஸ் முழுக்கச் செம்மண் நிறம். அதன் மேல் மெல்லிய, ஆனால் கெட்டியான கோடுகள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில் எதிர்நிறம் (பச்சைக்குச் சிவப்பு மாதிரி), அதுவும் பக்கத்து வண்ணம் காயும் முன்பே. படிக்கச் சுலபம்தான். கடைசி வரியில்தான் உயிர் போகிறது.

ஈரப் பச்சைக்குப் பக்கத்தில் ஈரச் சிவப்பை வைத்தால் இரண்டும் தொட்டுக்கொண்டு சேற்று நிறமாகிவிடும். அப்படி ஆகாமலிருக்கப் பெயின்ட் கெட்டியாக இருக்க வேண்டும். டியூபிலிருந்து வருவதில் எண்ணெய் அதிகம். செய்தித்தாள் மேல் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் காகிதம் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் விட்டால் பிடிமானம் போய், காய்ந்தபின் உதிரும். பச்சைக் கோடு போட்டதும் சிவப்புக்குத் தாவக் கூடாது. விரல் வைத்தால் ஒட்ட வேண்டும், ஆனால் நகரக் கூடாது, அதுதான் பதம். காட்மியம் மஞ்சள் கலந்த பச்சை மெதுவாகக் காயும், அதனால் மறுநாள்கூடத் தாராளமாக நேரம் கிடைக்கும். பிரஷ்ஷைத் தேய்க்காமல் படுக்கவைத்து இழுக்கணும், ஒவ்வொரு இழுப்புக்கும் துணியில் துடைக்கணும். சோம்பல்பட்டு நாலு கோட்டை ஒரே மூச்சில் இழுத்தால் நாலாவது கோடு நிச்சயம் அழுக்கு.

நிறத்தைவிட முக்கியம் அதன் வெளிர்மை. விரிடியன் (நீலம் கலந்த பச்சை), வெளிர் காட்மியம் மஞ்சள், வெள்ளை சேர்ந்த பச்சைக்குப் பக்கத்தில் வரும் சிவப்பும் அதே அளவு வெளிர் இருக்க வேண்டும். கொஞ்சம் கருத்தாலும் கோடு கோடாகத் தெரியும், மினுமினுப்பு வராது. போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள்: கோடுகள் மறைந்து ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கலவை சரி. டைட்டானியம் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், அது எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எல்லா இடைவெளியையும் நிரப்பவும் வேண்டாம். வெயில் படும் புல்லில் சுமார் பாதியை அப்படியே விட்டால் அடியில் பூசிய செம்மண் நிறமான வெனிஷியன் ரெட் எட்டிப் பார்க்கும். பச்சை துடிப்பதே அதனால்தான். அந்த அடிப்பூச்சு மட்டும் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும்.

கோடும் இடைவெளியும் தலா ஒரு மில்லிமீட்டர். மூணரை மீட்டர் தள்ளி நின்றால்தான் கண் இரண்டையும் ஒன்றாக்கும். மூலப்படம் முக்கால் மீட்டருக்கும் கொஞ்சம் கூட உயரம். அதைச் சிறிய கேன்வாஸுக்குக் கொண்டுவரும்போது கோட்டையும் அதே விகிதத்தில் மெலிதாக்க நினைக்காதீர்கள், எந்தப் பிரஷ்ஷும் ஒத்துழைக்காது. காட்சியை வெட்டி ஒரு பகுதியை மட்டும் எடுப்பதே மேல்.

இன்னொன்று: தூரம் போகப் போக மங்கலாக்கும் பழக்கம் இங்கே உதவாது. செகந்தினி 1886-ல் குடியேறிய சவோன்யின், சுவிஸ் மலைக்கிராமம். அந்த உயரத்துக் காற்றில் புகைமூட்டம் குறைவு, தூரத்து மலையும் கூர்மையாகவே நிற்கும். மலையை நீலமாக்கலாம், ஓரத்தைக் குழைக்கக் கூடாது.

பிரஷ் பற்றி ஒரு புலம்பல். மெல்லிய கோட்டுக்கான நீள முடி பிரஷ்ஷான ரிகர் என்று கடையில் தருவதில் பாதிக்கு மேல் முனை பிளந்து வருகிறது, விலையோ யானை விலை. நக ஓவியத்துக்கு விற்கும் சிந்தெடிக் லைனர் இதற்குப் பிரமாதம். முடி நீளம், முனை கூர்மை, விலையும் குறைவு. டர்பன்டைனில் ஊறப்போடாதீர்கள், பசை விட்டுப்போகும்.

அடுத்து இன்னொரு இத்தாலிய டிவிஷனிஸ்ட் மொர்பெல்லியின் ‘எண்பது சென்டெசிமிக்காக’ (சென்டெசிமி என்பது இத்தாலியச் சில்லறைக் காசு) படத்தில் கை வைக்க ஆசை. வயல் தண்ணீரில் குனிந்து நிற்கும் பெண்கள், அவர்களின் பிம்பம், நடுவில் நாற்று. தண்ணீரில் கோட்டை எந்தத் திசையில் ஓட்டுவது என்பதே தனி ஆராய்ச்சி. கெட்டிக் கோடு ஒவ்வொன்றும் ஒரு சின்ன மேடு. அறை விளக்கு மேலிருந்து விழுந்தால் படுக்கைக் கோடு மின்னும், பக்கவாட்டு ஜன்னல் என்றால் நெட்டைக் கோடு மின்னும். இப்போதைய புல்லில் கோடெல்லாம் நெட்டை, அதனால் படத்தைத் தாங்கும் ஸ்டாண்ட் (ஈஸல்) இடப்பக்க ஜன்னலோரம்தான்.

வானத்துக்கு இதே செம்மண் அடிப்பூச்சு ஒத்துவராது. அத்தனை வெளிர் நீலத்துக்கு நடுவே அது கீறல் கீறலாகத் தெரியும். அதனால் வானப் பகுதிக்கு மட்டும் சிவப்பின் மேல் வெள்ளையும் துளி ஆரஞ்சும் கலந்த ஒரு பூச்சு போட்டிருக்கிறேன். அது காய்ந்ததும் கோபால்ட் நீலம்.