பிரசாரணம் தெரியும், ஒஸ்மோசிஸ் தெரியாது: கம்பஸ் போகும் வன்னிப் பிள்ளைகளுக்கு

ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம், அங்கிருந்து ஏ9 வீதியால் வவுனியா, பிறகு தெற்கே போகிற இன்னொரு பஸ். கையில் ஒரு சூட்கேஸ், அம்மா இடித்துத் தந்த தூள் இரண்டு போத்தல், முல்லைத்தீவுக் கருவாடு ஒரு பொதி. தம்புள்ளை வருவதற்குள் கருவாடு பஸ் முழுக்கத் தன்னை அறிமுகம் செய்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போன முதல் ஆள் நான். அங்கே என்ன நடக்கும் என்று கேட்க வீட்டில் யாருமில்லை.

முதல் கிழமையே விரிவுரை. விரிவுரையாளர் ஒஸ்மோசிஸ், ஒஸ்மோசிஸ் என்று ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்தில் பேசினார். நான் தலையை ஆட்டிக்கொண்டு, பலகையில் இருந்த படத்தை மட்டும் கீறிக்கொண்டு வந்தேன். இரவு விடுதியில் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: அட, இது பிரசாரணம், சவ்வுக்கு ஊடாகத் தண்ணீர் போவது! உயர்தரப் பரீட்சையில் நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற பகுதி. தெரிந்த விஷயத்துக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் தெரியாத ஆள் மாதிரி இருந்துவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு அழுதது உண்மை.

அடுத்த நாள் ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கினேன். இடப்பக்கம் நாங்கள் படித்த சொல், வலப்பக்கம் அவர்கள் சொல்கிற சொல். நொதியம், என்சைம். இழைமணி, மைற்றோகொன்ட்ரியா. ஒளித்தொகுப்பு, போட்டோசிந்தசிஸ். உயர்தர நோட்ஸைத் தூக்கி எறியாமல் கொண்டுபோங்கள். நாளைய விரிவுரை என்ன தலைப்பு என்று பார்த்து, அதைத் தமிழில் ஒருதரம் வாசித்துவிட்டுப் போனால் பாதிச் சுமை இறங்கிவிடும். பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்கும்வரை மாதக்கணக்கில் இடைவெளி கிடைக்கும். அந்த நேரத்தில் இந்தக் கொப்பியைத் தொடங்கியிருந்தால் எனக்கு முதல் செமஸ்டரில் ஒரு பாடம் ரிப்பீட், அதாவது திரும்ப எழுதுவது, வந்திருக்காது. ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பெரும்பாலும் சாதாரண சித்திக்கு மேல் தரமாட்டார்கள். விஞ்ஞான பீடங்களில் சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது முதல் வருடப் புள்ளியையும் பார்ப்பார்கள். ‘முதல் வருடம் சும்மா’ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஆனால் ஆங்கிலத்தைவிடப் பெரிய தடை எனக்கு வேறொன்று. ரியூசனில் சேர் சொல்லச் சொல்ல எழுதி, பாஸ்ட் பேப்பர் செய்து செய்து வளர்ந்தவர்கள் நாங்கள். ‘விளங்கினதோ?’ என்று கேட்டால் எல்லோரும் சேர்ந்து ‘ஓம் சேர்’ சொல்லித்தான் பழக்கம். கம்பஸில் அந்த ‘ஓம்’ உங்களை நேரே ரிப்பீட்டுக்குக் கொண்டுபோகும்.

கேள்வி கேட்காததற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ‘உங்களுக்கு மாவட்டத்தாலதானே கிடைச்சது?’ என்று என் பற்ச்சில், என்னோடு சேர்ந்த வருடத்தில், படிக்கிற ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே கூச்சம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்குமே அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பவை. பதுங்குகுழியும் முகாமும் கண்ட மாவட்டங்களுக்கு ஒரு வெட்டுப்புள்ளிச் சலுகை இருப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உள்ளே போனபின் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தான்.

அப்புறம் என் அறைத் தோழி. மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. அவளும் விரிவுரை முடிந்துவந்து கட்டிலில் கவிழ்ந்து படுப்பாள். அவளுக்கும் ஒஸ்மோசிஸ் புதிது. இது வன்னிப் பிள்ளைகளின் மண்டைக் குறை இல்லை, தாய்மொழியில் படித்த எல்லோருக்கும் இருக்கிற பிரச்சினை என்று எனக்கு விளங்கவைத்தது அவள்தான்.

‘குப்பி’ பற்றியும் சொல்லவேண்டும். சீனியர் ஒருவரோ பற்ச் கெட்டிக்காரரோ பரீட்சைக்கு முன் கூட்டமாக இருத்திச் சொல்லிக்கொடுப்பதற்குக் கம்பஸில் அந்தப் பெயர். குப்பி விளக்கிலிருந்து வந்த சொல் என்பார்கள். ‘இரவு குப்பி இருக்கு, வாரும்’ என்று ஓர் அண்ணா முதல்முறை கூப்பிட்டபோது எனக்குத் திக்கென்றது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் இயக்கப் போராளிகளின் கழுத்தில் சயனைட் குப்பியாகத் தொங்கியது. சரி, போய்ப் பார்த்தால் கரும்பலகையும் பிளேன் ரீயும். தவறவிடாதீர்கள். விரிவுரையில் கேட்க வெட்கப்படுகிற கேள்வியை அங்கே கேட்கலாம்.

பணம். மகாபொல புலமைப்பரிசில் அல்லது பர்சரி உதவிப்பணத்துக்குப் பெற்றோரின் வருமானத்தைக் காட்டவேண்டும். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் எடுக்கவேண்டியவற்றை நெல்லறுப்புக் காலத்துக்குத் தள்ளாமல் முன்பே எடுத்துவையுங்கள். முதல் தவணை கைக்கு வரும்வரை ஓடக்கூடிய காசு இருக்கவேண்டும்.

பகிடிவதை (ராகிங்) பற்றிச் சுருக்கமாக: 1998இன் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். ‘பழகுவதற்குத்தான்’ என்று சொல்பவர்களின் முகத்தை நினைவில் வைத்திருங்கள். மாணவ ஆலோசகரிடம் போவது கோழைத்தனம் இல்லை. வீட்டுக்கும் சொல்லுங்கள். அம்மா பயப்படுவா என்று நான் மூன்று மாதம் எல்லாவற்றையும் மறைத்தேன். கடைசியில் குரலை வைத்தே அவ கண்டுபிடித்துவிட்டா.

கருவாடு கொண்டுபோகலாமா என்று இந்த வருடமும் ஒரு தங்கச்சி கேட்டாள். கொண்டுபோகலாம், மூன்று பை போட்டுக் கட்டுங்கள். மொனராகலைத் தோழி முதல் நாள் மூக்கைப் பொத்தினாள். இரண்டாம் வருடம் நான் ஊருக்கு வெளிக்கிடும்போது வாங்கிவரச் சொன்னது அதைத்தான்.