ஐரோப்பா எங்கே முடியுது? முதல்ல யார் கணக்குன்னு கேளுங்க (பிஜி டிஆர்பி புவியியல் அனுபவம்)

பிஜி டிஆர்பி, அதாவது முதுகலை ஆசிரியர் வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துற தேர்வுல, சிவி (சான்றிதழ் சரிபார்ப்பு) லிஸ்ட்ல பேர் வந்தாச்சு. "எப்படிப் படிச்சீங்க"ன்னு கேட்கிறவங்களுக்குத் தனித்தனியா பதில் போட்டு மாளல, அதனால மொத்தமா இங்கே எழுதிடறேன். சைக்காலஜி, ஜி.கே. பத்தி என்கிட்ட கேட்காதீங்க. எல்லாரும் படிச்சதைத்தான் நானும் படிச்சேன். கண்டங்களோட எல்லை, உட்பிரிவு, மேப் பத்தி மட்டும்தான் சொல்றதுக்கு விஷயம் இருக்கு. மேஜர்ல (முதன்மைப் பாடமான புவியியல்ல) என்னைக் கரையேத்தினது அதுதான்.

கடலூர்ல நான் போன கோச்சிங் சென்டர்ல (பேர் வேணாம்) இந்தப் பாடமே அரை மணி நேரம்தான். "ஆசியா, ஐரோப்பா எல்லை யூரல் மலை, எழுதிக்கோங்க." மலை காஸ்பியன் கடல் வரைக்கும் வரலையே சார், அதுக்குக் கீழே எது எல்லைன்னு கேட்டா, "அவ்ளோ டீப்பா கேட்க மாட்டாங்கம்மா." கட்டின ஃபீஸை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

பழைய கிரேக்கர்கள்ல பலருக்கு டான் நதிதான் எல்லை. யூரல் மலையைச் சொன்னவர் ஸ்வீடன்காரரான ஸ்ட்ராலன்பெர்க், அதுவும் 1730லதான். அதாவது கண்டத்தோட எல்லை தானா இருக்கிறது இல்ல, ஆளுங்க உட்கார்ந்து முடிவு பண்ணது. நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புரியறதுல கஷ்டமே இல்ல. கடலூர்லேருந்து பாண்டி பஸ்ல ரெட்டிச்சாவடி தாண்டி, புதுச்சேரி எல்லையான முள்ளோடை வந்தா ஆறா குறுக்க வருது, மலையா வருது? சாராயக்கடை போர்டுதான் வருது. கேரளாவுக்கு நடுவுல மாஹே, ஆந்திராவுக்கு நடுவுல ஏனாம், ரெண்டும் புதுச்சேரிதான். பிரெஞ்சுக்காரன் வச்சிருந்தான், அவ்வளவுதான் காரணம்.

அதனால நோட்டுல ஒவ்வொரு எல்லைக்குப் பக்கத்துலயும் "யார் கணக்கு"ன்னு ஒரு கட்டம் போடுங்க. இந்தப் பதிவுல வேற எதையும் எடுத்துக்கலைன்னாலும் இதை மட்டும் எடுத்துக்கோங்க.

ஐரோப்பாவோட உயரமான சிகரம் எது? காகசஸ் மலை முகட்டை எல்லையா வச்சா எல்பிரஸ், 5,642 மீட்டர். அதுக்கு வடக்கே இருக்கிற குமா-மானிச் பள்ளத்தை எல்லையா வச்சா எல்பிரஸ் ஆசியாவுக்குப் போயிடும், 4,800 மீட்டரைக் கொஞ்சம் தாண்டுற மான்ட் பிளாங்க் முதலிடத்துக்கு வந்துடும். ஆப்ஷன்ல ரெண்டும் இருந்தா கேள்வியோட முதல் வரிக்குத் திரும்பப் போங்க. துப்பு அங்கேதான் இருக்கும்.

உட்பிரிவு இன்னும் மோசம்:

- ஐ.நா. புள்ளியியல் பிரிவு கணக்குல தெற்காசியா 9 நாடு, ஈரானும் சேர்த்து. சார்க்ல (தெற்காசிய நாடுகளோட கூட்டமைப்பு) 8, ஈரான் கிடையாது.
- சூடான் ஐ.நா.வுக்கு வட ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குக் கிழக்கு.
- ஐ.நா. சொல்ற தென் ஆப்பிரிக்கப் பகுதி 5 நாடுதான். எஸ்.ஏ.டி.சி.யில (அந்தப் பக்கத்து நாடுகளோட வளர்ச்சிக் கூட்டமைப்பு) 16. ஜிம்பாப்வே, சாம்பியா ரெண்டையும் ஐ.நா. கிழக்குல வைக்குது.
- சைப்ரஸ்: புவியியல்படி ஆசியா, ஆனா ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர்.
- சினாய் ஆசியா. எகிப்தோட மீதி ஆப்பிரிக்கா.
- வாலஸ் கோடு விலங்கினங்களைப் பிரிக்கிற கோடு. அதைக் கண்ட எல்லைன்னு எழுதிவச்ச கைடை ஓரமா வைங்க.

அடுத்தது மேப். தேர்வுல வரையச் சொல்ல மாட்டாங்க, தெரியும். இருந்தாலும் வரைங்க. பார்த்துப் படிச்சா எனக்கு ஒண்ணும் நிக்காது, கை போனாத்தான் மனசு போகும். திருப்பாதிரிப்புலியூர்ல ஸ்டேஷனரி கடையில அவுட்லைன் மேப் கட்டா வாங்கி வச்சிருந்தேன். 60° கிழக்குத் தீர்க்கக்கோட்டை முதல்ல லேசாப் போடுங்க. யூரல் மலை கிட்டத்தட்ட அதை ஒட்டியேதான் தெற்கே இறங்கும். கீழே வந்ததும் பென்சில் யூரல் ஆத்துக்கு மாறணும். ஓர்ஸ்க் வரைக்கும் தெற்கு, அங்கிருந்து மேற்கே திரும்பி ஓரன்பர்க், ஒரால். ஒரால்ல மறுபடி தெற்கே மடங்கி அத்திராவ் பக்கம் காஸ்பியன். இந்த ரெண்டு மடிப்பையும் கை பழகிட்டா, கஜகஸ்தான்ல ஒரு துண்டு ஏன் ஐரோப்பாவுல இருக்குன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆத்தை விட்டுட்டு அதுக்குக் கிழக்கே ஓடுற எம்பா நதியை எல்லையா எடுக்கிறவங்களும் உண்டு. அதைப் புள்ளிக்கோடா போடுங்க. காஸ்பியனுக்கு மேற்கே காகசஸ் ஒரு கலர், குமா-மானிச் இன்னொரு கலர். அப்புறம் கருங்கடல், பாஸ்பரஸ், மர்மரா, டார்டனெல்ஸ், ஏஜியன்னு கடகடன்னு முடிஞ்சிடும்.

மத்த எல்லையெல்லாம் சுலபம். சூயஸ், பெரிங் நீரிணை, பனாமா-கொலம்பியா எல்லை, ஒரே உட்காருல போட்டுடலாம். நியூ கினியாகிட்ட மட்டும் நின்னு நிதானமா போங்க. தீவு பாதி ஆசிய நாடான இந்தோனேசியா, பாதி ஓஷியானியாவுல வர்ற பப்புவா நியூ கினியா.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்து வராது, அதனால சிபாரிசும் இல்ல. மேப் வரையும்போது பக்கத்துல ஆள் இருந்தா பேச்சுதான் ஓடும்.

கடைசியா ஒண்ணு. தற்காலிக கீ (டிஆர்பி வெளியிடுற விடைக்குறிப்பு) வந்ததும் ஆட்சேபணை போட வேண்டி வரலாம், இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் அது அதிகம் தேவைப்படும். கைடு, கோச்சிங் நோட்ஸ் எதையும் டிஆர்பி ஆதாரமா எடுத்துக்காது, தரமான பாடநூல்தான் வேணும். அதனால "யார் கணக்கு" கட்டத்துலயே புத்தகத்தோட பேரையும் பக்க எண்ணையும் படிக்கும்போதே குறிச்சு வைங்க. கீ வந்தப்புறம் நூலகத்துல தேட நேரம் இருக்காது.