ரிமோட் டெஸ்க்டொப் இணையாதபோது எங்கே பார்ப்பது?

மட்டக்களப்பு முதல் கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை வரையுள்ள சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். இவற்றில் சில இடங்களில் விண்டோஸ் 7 மேசைக் கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பல ஆண்டுக் கணக்குகளும் அவற்றைத் திறக்கும் மென்பொருளும் அவற்றிலேயே இருப்பதால், அவற்றைக் கழித்துவிடவும் முடிவதில்லை. உரிமையாளர் வீட்டிலிருந்தோ மற்றக் கிளையிலிருந்தோ, தூரத்திலிருந்தே கணினியின் திரையைத் திறந்து இயக்க உதவும் விண்டோஸ் வசதியான ரிமோட் டெஸ்க்டொப் மூலம் உள்நுழைந்து வேலை பார்ப்பார். ஒரு நாள் அது நின்றுவிடும். “தம்பி, மிஷின் ஓன்லதான் கிடக்கு, ஆனா கனெக்ட் ஆகுதில்ல” என்று அழைப்பு வரும். அதற்குள் யாராவது ஃபயர்வோலை (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு மென்பொருளை) முழுவதுமாக நிறுத்திப் பார்த்திருப்பார்கள், அல்லது விண்டோஸை மீள நிறுவ வேண்டும் என்று முடிவு கட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் பெரும்பாலும் தேவை இருப்பதில்லை. திரையில் வந்த செய்தியை இறுதிவரை வாசித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தொலை அணுகல் இயக்கப்படவில்லை, கணினி அணைக்கப்பட்டுள்ளது, வலையமைப்பில் இல்லை என மூன்று காரணங்களை அடுக்கும் செய்தி வந்தால், இணைப்புக் கோரிக்கை அலுவலகக் கணினியைச் சென்றடையவே இல்லை என்று கொள்ளலாம். அங்கீகாரப் பிழை என்று தொடங்கும் செய்தி வந்தால், கோரிக்கை அங்கே சென்று மறுக்கப்பட்டிருக்கிறது. முதலாவது வகைக்குக் கடவுச்சொல்லை மாற்றுவதாலும், இரண்டாவது வகைக்கு ரவுட்டரை மாற்றுவதாலும் எந்தப் பயனும் இல்லை.

சென்றடையாத நிலையில், முதலில் அலுவலகக் கணினியின் ஐபி முகவரியைப் (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணைப்) பார்க்கச் சொல்கிறேன். ரவுட்டர் மீளத் தொடங்கும்போது புதிய முகவரி கொடுத்திருக்கலாம். அப்படியானால் ரவுட்டரிலேயே அக்கணினிக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிட வேண்டும். 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்பது பொருள். அநேகமாகக் கேபிளில்தான் கோளாறு இருக்கும். கணினி பதிலளிக்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்குப் பதில் வராததை மட்டும் வைத்துக் கணினி இறந்துவிட்டதாகத் தீர்மானிக்கக் கூடாது, ஏனெனில் ஃபயர்வோல் பிங்கை மட்டும் தடுத்து மற்றதை அனுமதிக்கக்கூடும். ரிமோட் டெஸ்க்டொப் இணைப்பு நுழையும் வாசலான 3389 ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை. புதிய ரவுட்டர் வந்த பிறகு விண்டோஸ் அதைப் புதிய வலையமைப்பாகக் கருதிப் ‘பப்ளிக்’ வகையில் சேர்த்திருக்கவும் கூடும். ஃபயர்வோலில் அனுமதி ‘ஹோம்’, ‘வேர்க்’ வகைகளுக்கு மட்டும் இருந்தால், நேற்றுவரை வேலை செய்த இணைப்பு இன்று அமைதியாக நின்றுவிடும். வலையமைப்பின் வகையை மாற்றினால் போதும். ஃபயர்வோலை நிறுத்தத் தேவையில்லை.

பழைய கணினிகளுக்கே உரிய ஒரு கோளாறு, தாய்ப்பலகையில் இருக்கும் சீஆர் 2032 பற்றரி. மாரி காலத்தில் மின்சாரம் அடிக்கடி போய்வரும்போதுதான் அது தீர்ந்துபோனது வெளியே தெரியும். கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிய திகதியுடன் எழும்பும். நேர வேறுபாடு காரணமாக அடையாளத்தை உறுதிப்படுத்த முடியவில்லை என்றோ, சான்றிதழ் செல்லுபடியாகாது என்றோ மறுமுனையில் செய்தி வரும். இணையம் இருந்தால் நேரம் தானாகச் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் டொமைனில் (மையச் சேவையகம் நிர்வகிக்கும் அலுவலக வலையமைப்பில்) சேராத விண்டோஸ் கணினி, இயல்பான அமைப்பில், 15 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டைத் தானாகத் திருத்துவதில்லை. அதைவிட முக்கியமாக, மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்க வேண்டும் என்று பயோஸில் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) செய்து வைத்த அமைப்பும் பற்றரியோடு சேர்ந்து அழிந்துவிடும். அதனால் இரவில் மின்தடை ஏற்பட்டால், காலையில் யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை கணினி அணைந்தே கிடக்கும். மலிவான ஒரு பற்றரிக்காக உரிமையாளர் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போய்வர நேர்வது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

மறுக்கப்படும் வகையில் அதிகம் காணப்படுவது ‘கிரெட்எஸ்எஸ்பி’ என்ற சொல்லைக் கொண்ட அங்கீகாரப் பிழை. உள்நுழைவு விவரங்களை மறுமுனைக்கு அனுப்பும் இந்த விண்டோஸ் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பாதுகாப்புக் குறைபாட்டுக்கு மைக்ரோசொப்ட் 2018 மார்ச்சில் திருத்தம் வெளியிட்டது; அவ்வாண்டு மே மாதப் புதுப்பித்தலிலிருந்து, திருத்தம் பெற்ற கணினி திருத்தம் பெறாத கணினியுடன் இணைய மறுக்கத் தொடங்கியது. ஆகவே புதிய மடிக்கணினி வாங்கிய அன்றே அலுவலகக் கணினி ‘பழுதானது’ போலத் தோன்றும். மடிக்கணினியின் பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்தினால் இணைப்பு உடனே கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அப்படியே விட்டுவிடுவது குறைபாட்டை மீண்டும் திறந்துவைப்பதாகும். சரியான வழி, அலுவலகக் கணினியின் முன் நேரில் அமர்ந்து அந்தப் புதுப்பித்தலை நிறுவுவதே. கடவுச்சொல்லே இல்லாத பயனர் கணக்கும் இவ்விதம் மறுக்கப்படும். விண்டோஸ் அத்தகைய கணக்கைக் கணினியின் முன் இருப்பவருக்கு மட்டுமே அனுமதிக்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பு இவ்வழி வரும் இணைப்பை ஏற்காது என்பதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதற்குப் புரோ பதிப்பு வேண்டும்.

ரவுட்டரில் 3389 ஐ நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2019 மே மாதம் வெளிப்பட்ட புளூகீப் என்ற குறைபாடு, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ் கணினிகளைக் கைப்பற்ற வழி தரும் அளவுக்குக் கடுமையானது. ஆதரவு 2014 இலேயே முடிந்துவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது. விண்டோஸ் 7 இற்கான பொது ஆதரவும் 2020 ஜனவரி 14 இல் முடிவடைந்துவிட்டதால், வீபீஎன் (இணையத்தினூடே செல்லும் மறைகுறியாக்கப்பட்ட தனிப் பாதை) வழியாக மட்டும் நுழைவதே பாதுகாப்பானது. சிம் போட்ட ரவுட்டர் வைத்திருப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான எல்லைக்குள் இருந்தால், அது ஒரே இணைய முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிரும் அமைப்பு. போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது.

இணைந்த பின் கறுப்புத் திரை மட்டும் தெரிந்தால், விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பும் அதற்குப் பிந்தையவையும் உள்ள கணினிகளில், ரிமோட் டெஸ்க்டொப்புக்கான டபிள்யூடிடிஎம் என்ற திரை இயக்கியைக் குழுக் கொள்கையில் (விண்டோஸ் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் கருவியில்) நிறுத்திப் பார்க்கலாம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அலுவலகக் கணினியே திரையை வரைந்து அனுப்புவதால் அந்த எழுத்துரு மடிக்கணினியில் இருக்க வேண்டியதில்லை, ஆனால் விசைப்பலகை அமைப்பு மடிக்கணினியிலிருந்தே செல்கிறது. இணைவதற்கு முன் மடிக்கணினியின் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டால் எழுத்துகள் சரியாக விழும்.