ஆமானுக்கு ஒரு டாலர்

2021 பிப்ரவரியில் யூதர்களின் பூரிம் பண்டிகை வந்தபோது, கொரோனாவால் நியூ ஜெர்சியில் நாங்கள் யாரும் யார் வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை. எங்கள் டீமில் இருக்கும் யூதத் தோழி, "ஆன்லைனில்தான் கொண்டாடுகிறோம், குடும்பத்தோடு வந்துவிடு, வேஷம் கட்டாயம்" என்று சொல்லிவிட்டாள். நான் வேட்டியைத் தேடி எடுத்தேன். "காமிராவில் தெரியாத வேட்டிக்கு எதுக்கு இஸ்திரி?" என்றாள் மனைவி. நியாயம்தான். இருந்தாலும் போட்டேன்.

பூரிம் அன்று பைபிளில் வரும் எஸ்தர் புத்தகத்தை எபிரேயத்தில் முழுக்கப் படிப்பார்கள். பாரசீக ராஜ்ஜியத்தில் யூதர்களைப் பூண்டோடு அழிக்கத் திட்டம் போட்ட அமைச்சன் ஆமான். அவன் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பை சுற்றி, தரையில் காலைத் தட்டி, பெயரே காதில் விழாதபடி சத்தம் போட வேண்டும். அந்த நாளில் குறைந்தது இரண்டு ஏழைகளுக்காவது கொடுத்தாக வேண்டும் என்பதும் விதி. தோழி இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள்: ஒவ்வொரு ஆமானுக்கும் ஆளுக்கு ஒரு டாலர், பசித்தவர்களுக்கு உணவு தரும் நிதிக்கு. புத்தகத்தில் அவன் பெயர் 54 முறை வருகிறது. நாம் மொய்க்கவரில் 101 வைப்பது மாதிரி அவர்களுக்கு 18இன் மடங்கு ராசி. 54 என்றால் மூன்று பதினெட்டு. கச்சிதம்.

முதல் வசனத்திலேயே ராஜா அகாஸ்வேரு இந்தியா தொடங்கி 127 மாகாணங்களை ஆண்டதாக வருகிறது. திரையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துக் கையாட்டினார்கள். அவர் ஆட்சி திருநெல்வேலி வரை வந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு கவர்னர் தோரணையில் பதிலுக்கு ஆட்டி வைத்தேன்.

மூன்றாம் அதிகாரத்தில் ஆமான் வந்தான். எல்லோரும் கிலுகிலுப்பையைச் சுழற்றினார்கள். என் பையன் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தான். ஒரு சத்தமும் இல்லை! பின்னணி இரைச்சலை வடிகட்டுகிறேன் பேர்வழி என்று மென்பொருள் மொத்தத்தையும் விழுங்கிவிட்டது. ஆமானுக்கு அதைவிட விசுவாசமான ஆள் கிடைத்திருக்க முடியாது.

தோழியின் மகன் எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று பாடம் எடுத்தான். அப்புறம் வந்தது வேறு வினை. தோழியின் மாமா வீட்டில் நெட் மந்தம். அவர் ஆமானுக்குப் போட்ட சத்தம் சாவகாசமாக வந்து, நல்லவரான மொர்தெகாய் தலையில் இறங்கியது. ஒரு வார்த்தைகூடக் காதில் விழாமல் போகக் கூடாதாம். படிப்பவர் திரும்பப் போய் மறுபடி படித்தார்.

ஆமானின் பத்துப் பிள்ளைகளின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அவர் மூச்சை இழுத்தார், படம் உறைந்தது. உப்பிய கன்னத்தோடு அவர் அப்படியே நிற்க, நாங்கள் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பையன் மட்டும் கசகசா வைத்த முக்கோண பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். இஸ்ரேலில் அதற்கு ஆமானின் காது என்று பெயர்.

கடைசியில் கணக்கு. தோழியின் அம்மா கோடு போட்டு எண்ணியதில் 57. "மறுபடி படித்ததைச் சேர்க்கக் கூடாது" என்றார் படித்தவர். "எனக்கு நாற்பதுதான் கேட்டது" என்றார் மாமா. "தவிர, 57 பதினெட்டின் மடங்கே இல்லையே!"

"மடங்குதானே வேண்டும்?" என்றார் அந்த அம்மா. "57க்கு அடுத்தது 72. எல்லோரும் அதையே அனுப்புங்கள்."

மாமா மியூட்டில் போய்விட்டார். வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.